நாலணாவுக்கு மேலா, கீழா? மதிப்பீட்டின் இந்திய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(நீண்ட பதிவு. மேலாண்மை, புள்ளியியல், பொருளாதார வரலாறு பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

பெங்களூரிலோ புணேயிலோ ஒரு மென்பொருள் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, செய்யவேண்டிய வேலைகளுக்கு எண் இடுகிறது. அந்த எண் மணிக்கணக்கையோ நாட்கணக்கையோ குறிப்பதில்லை. எல்லோருக்கும் பழக்கமான ஒரு வேலையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இது அதைப்போல் இருமடங்கு, இது அதில் பாதி என்று ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. ஸ்டோரி பாயிண்ட் என்று அதற்குப் பெயர். இரண்டு வாரத்தில் குழு முடித்த புள்ளிகளின் கூட்டுத்தொகை வெலாசிட்டி எனப்படும். அதைக் கொண்டு அடுத்த இரு வாரங்களுக்கான திட்டம் திருத்தப்படும். தொலைவில் இருப்பதை உறுதியாகச் சொல்ல முற்படாமல், சிறிது செய்து பார்த்து, கண்டதைக் கொண்டு அடுத்ததை மாற்றிக்கொள்வதே அஜைல் முறையிலான திட்டமிடலின் சாரம்.

இம்முறையின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அறிக்கையிலிருந்து தொடங்குகின்றன. சற்று ஆழமாகச் செல்பவை, லீன் உற்பத்தியின் ஊற்றாகிய டொயோட்டா தொழிற்சாலை வரைக்கும், அதற்கும் முன்னே தரக் கட்டுப்பாட்டியலின் முன்னோடி வால்டர் ஷூஹார்ட் வரைக்கும் போகின்றன. இந்த வரலாற்றில் இந்தியா இடம்பெறுவதில்லை. இடம்பெற்றால், பிறர் வகுத்த முறையை ஏற்று வேலை செய்யும் இடமாக மட்டுமே. எல்லாம் இங்கே முன்பே இருந்தது என்று நிறுவுவது என் நோக்கமன்று; அத்தகைய வாதங்களில் எனக்கு ஆர்வமும் இல்லை. ஆனால் ஒப்பீட்டு எண்ணால் மதிப்பிடுவதும், சிறுகச் செய்து திருத்திக்கொண்டே செல்வதும் இந்நாட்டில் மிகப் பெரிய அளவில், நெடுங்காலம் நடந்திருக்கின்றன. அவை எந்த இடத்தில் பழுதுபட்டன என்பதற்கான சான்றுகளும் நம்மிடமே உள்ளன. அஜைல் குறித்து இன்று நடக்கும் விவாதங்களில் அச்சான்றுகள் பேசப்படாமல் இருப்பது ஓர் இழப்பு.

முதலில் அணாவாரி. மராத்தியிலும் குஜராத்தியிலும் சிறு ஒலிவேறுபாட்டுடன் வழங்கும் இச்சொல், விளைச்சலை அணாக் கணக்கில் மதிப்பிடும் முறையைக் குறித்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. முழு விளைச்சல் 16 அணா எனக் கொண்டால், பாதி விளைந்த வயல் எட்டணா. கால்பங்கு விளைந்தது நாலணா. (பதினாறணாவும் உண்மை என்னும் வழக்கு நம் பெரியவர்கள் பேச்சில் இன்னும் இருக்கிறது. பதினாறில் ஒரு பங்கைக் குறிக்க வீசம், மாகாணி என இரு சொற்களைப் பேணிவந்த மொழி தமிழ். முழுமையைப் பதினாறாகப் பகுத்துக் காணும் பழக்கம் நாணயத்தால் மட்டும் வந்ததன்று.) கிராமக் கணக்கர் வயலைக் கண்ணால் பார்ப்பார், இந்த ஆண்டு இத்தனை அணா என்பார். பிரிட்டிஷ் இந்தியாவின் பயிர் முன்கணிப்பு இந்த எண்ணின்மேல்தான் எழுப்பப்பட்டது. சாகுபடிப் பரப்பு, ஓர் ஏக்கருக்கான இயல்பு விளைச்சல், அந்த ஆண்டின் அணா விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் மாவட்டத்தின் மொத்த உற்பத்தி கிடைத்துவிடும்.

இதை வெறும் கண்மதிப்பு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதில் ஒரு நுண்ணறிவு உண்டு. இந்த வயலில் ஏக்கருக்கு எத்தனை மணங்கு நெல் காணும் என்று கேட்டால் அனுபவமுள்ள குடியானவரும் தயங்குவார். நல்ல ஆண்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று கேட்டால், முக்கால் என்றோ பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றோ உடனே சொல்வார். தனி அளவைச் சொல்வதைவிட இரண்டை ஒப்பிடுவது மனிதருக்கு எளிது. ஸ்டோரி பாயிண்ட் முறைக்கு ஆதரவாக இன்று சொல்லப்படும் வாதமும் இதுவே.

அணாவாரியின் முதல் சிக்கல், 'இயல்பு' என்ற சொல்லிலேயே இருந்தது. இயல்பு விளைச்சலை 16 அணாவாகக் கொண்ட மாகாணங்களும் உண்டு. 12 அணாவாகக் கொண்டு, 16 என்பதை அரிதான பெருவிளைச்சலுக்கு ஒதுக்கியவையும் உண்டு. ஆகவே ஓரிடத்துப் பன்னிரண்டணா மற்றோரிடத்தில் பதினாறணாவாகியது. ஒரு குழுவின் 40 புள்ளிகளை இன்னொரு குழுவின் 40 புள்ளிகளோடு ஒப்பிடாதீர்கள் என்று அஜைல் ஆசிரியர்கள் இன்று ஓயாமல் எச்சரிக்கிறார்கள். கல்கத்தாவிலோ டெல்லியிலோ உட்கார்ந்து மாகாணங்களின் அணாக்களைக் கூட்டிய அதிகாரிக்கும் அந்த எச்சரிக்கை தேவைப்பட்டிருக்கும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. அதைக் காண 1918ஆம் ஆண்டின் குஜராத்துக்குச் செல்ல வேண்டும். பம்பாய் மாகாண நிலவரி விதிகளின்படி, விளைச்சல் நாலணாவோ அதற்குக் கீழோ இருந்தால் அந்த ஆண்டுக்கான வரி வசூலை முழுதும் நிறுத்திவைக்கக் கோரலாம். 1917இல் பருவம் தவறிய மிகுமழையால் கேடா மாவட்டத்தின் பயிர் பெரிதும் அழிந்தது. விளைச்சல் நாலணாவுக்குக் கீழே என்றனர் குடியானவர்கள். நாலணாவுக்கு மேலே என்றது அரசு. 1918 மார்ச் 22 அன்று நடியாத்தில் காந்தி தொடங்கிய கேடா சத்தியாக்கிரகத்தின் மையத்தில் இருந்தது இந்த ஓர் எண்தான். பாடப்புத்தகங்கள் அதை வரிகொடா இயக்கம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அதை ஒரு மதிப்பீட்டுத் தகராறு என்று வாசித்தால் வேறு பல கூறுகள் புலப்படும். காந்தியும் குஜராத் சபையினரும் கிராமம் கிராமமாகச் சென்று விளைச்சலைத் தாங்களே மதிப்பிட்டார்கள். அரசின் எண்ணுக்கு எதிராகத் தங்கள் எண்ணை வைத்தார்கள். இரண்டில் எது சரி என்பதை நடுநிலையான ஒரு விசாரணை தீர்மானிக்கட்டும் என்ற கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், வசதியுள்ளவர்கள் வரி செலுத்த வேண்டும், ஏழைகளிடம் வசூல் நிறுத்திவைக்கப்படும் என்ற உடன்பாட்டோடு போராட்டம் முடிந்தது. அந்த முடிவில் தமக்கு நிறைவில்லை என்பதைக் காந்தி பின்னர்த் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். விளைச்சல் எத்தனை அணா என்ற கேள்விக்கு, இரு தரப்பும் ஏற்கும் விடை கடைசிவரை கிடைக்கவில்லை.

இரு தரப்பில் ஒன்று பொய் சொன்னது என்று முடிவுகட்டுவது வரலாற்று மாணவருக்குப் போதாது. மதிப்பிடும் அதிகாரியும் வரி வசூலிக்கும் அதிகாரியும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள். மூன்றரைக்கும் நாலரைக்கும் இடையே, கண்ணால் காணக்கூடிய வேறுபாடு வயலில் பெரிதாக இல்லை. ஆனால் குடும்பத்தின் கையில் அந்த ஆண்டு எஞ்சப்போவது என்ன என்பதில் மிகப் பெரிய வேறுபாடு இருந்தது. பயிரைப் பற்றிய செய்தியைச் சுமந்துவந்த எண், நாலணா என்ற கோடு கிழிக்கப்பட்டவுடன் பேரத்தின் பொருளாகிவிட்டது. அதன்பிறகு வயலைப் பார்க்கும்போதே எல்லோரும் அந்தக் கோட்டையும் சேர்த்தே பார்த்தார்கள்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு சிறு விலகல். ஆங்கிலத்தில் வரப்போவதை உத்தேசமாகச் சொல்வதற்கு ஒரு சொல்லும், நடந்து முடிந்ததன் தரத்தைத் தீர்ப்பதற்கு வேறு சொற்களும் உள்ளன. இந்தியில் அனுமான், மூல்யாங்கன் எனச் சொற்கள் பிரிந்து நிற்கின்றன. தமிழில் இரண்டும் மதிப்பீடு. பாலம் கட்ட என்ன செலவாகும் என்பது திட்ட மதிப்பீடு. பொறியாளர் எப்படிப் பணியாற்றினார் என்பது பணி மதிப்பீடு. மதிப்பு என்ற வேர்ச்சொல் விலையையும் மரியாதையையும் ஒருங்கே குறிப்பது வேறு. நம் மொழியில் துல்லியம் போதவில்லை என்று இதற்கு வருந்துவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறுவனங்கள் நடைமுறையில் இவ்விரண்டையும் ஒன்றாகவே கையாளுகின்றன. ஆங்கிலம் மறைத்துவைப்பதைத் தமிழ் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான்.

வங்காளத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே 1793இன் நிலையான நிலவரித் திட்டத்தால் வரி என்றென்றைக்குமாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. எனவே ஆண்டுதோறும் வயலைப் பார்க்கும் கிராம வருவாய் ஊழியர் அமைப்பும் வளரவில்லை. பயிர்ப் பரப்பு பற்றிய தகவல் கிராமக் காவலரான சௌகிதார் வழியாக மேலே சென்றது. கேடாவில் எண்ணின்மேல் எல்லோருக்கும் அக்கறை மிகுந்திருந்ததால் அது வளைந்தது. வங்காளத்தில் எவருக்கும் அக்கறை இல்லாததால் அது உள்ளீடற்றுப் போனது. ஆனால் சணல் உலகச் சந்தைக்குப் போகும் பயிர். முன்கணிப்பு பிழையானால் விலை பிழையாகும்; அதன் சுமை பயிரிட்டவன் தலையில் விழும்.

இந்தச் சூழலில்தான் 1937இல், மத்திய சணல் குழுவின் நிதியுதவியோடு, பிரசாந்த சந்திர மகாலனோபிசும் அவர் 1931இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகமும் சணல் பரப்பைக் கணக்கிட முன்வந்தனர். இயற்பியல் பேராசிரியரான மகாலனோபிசுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி இருந்தார். பீகார், ஒரிசாவில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி ஜான் ஹப்பாக், 1920களிலேயே வயல்களில் குலுக்கல் முறையில் இடம் தேர்ந்து, சிறு முக்கோணச் சட்டகம் வைத்து நெல்லை அறுத்து எடைபோட்டுப் பார்த்து, 1927இல் அதை வெளியிட்டிருந்தார். ரொனால்டு ஃபிஷரே தம் சிந்தனையில் அதற்குப் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டார். கண்மதிப்பிலிருந்து அளவீட்டுக்குச் செல்லும் பாதை அங்கே திறந்தது.

மகாலனோபிஸ் செய்ததில் என்னை ஈர்ப்பது அவர் சென்ற வேகம், அல்லது வேகமின்மை. மாகாணம் முழுவதற்குமான ஒரு பெருந்திட்டத்தை அவர் முதலிலேயே வகுக்கவில்லை. முதல் ஆண்டு சிறு பகுதியில் ஓர் ஆய்வு நடத்தினார். மாதிரிக் கட்டத்தின் பரப்பை எவ்வளவாக வைத்தால் பிழை எவ்வளவு குறைகிறது, ஓர் ஊழியர் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நடக்க எவ்வளவு நேரமாகிறது, அதற்கு என்ன செலவாகிறது என்றெல்லாம் பதிவுசெய்தார். இரண்டாம் ஆண்டின் திட்டம் முதலாம் ஆண்டின் பதிவுகளிலிருந்து பிறந்தது; மூன்றாம் ஆண்டினது இரண்டாம் ஆண்டிலிருந்து. இவ்வாறு ஐந்து ஆண்டுகளில், 1941க்குள் மாகாணம் முழுவதும் ஆய்வு விரிந்தது. செலவையும் பிழையையும் ஒருசேரக் கணித்து, கையிலுள்ள பணத்துக்குள் பெறக்கூடிய மிகச் சிறந்த துல்லியத்தைத் தேடுவதே அவருடைய முறை. வயல் வயலாக எண்ணும் முழுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டபோது, அதன் செலவில் ஒரு சிறு பங்கிலேயே மாதிரி ஆய்வு முடிந்தது. வணிகத் தரவுகளோடு அதிகம் பொருந்தியதும் மாதிரி ஆய்வின் எண்ணே.

ஆபிரகாம் வால்டு, போர்க்காலத்தில் அமெரிக்காவில் தொடர்முறைப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் கோட்பாட்டை உருவாக்கினார். எத்தனை மாதிரி தேவை என்று முன்கூட்டியே நிர்ணயிக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்ததைப் பார்த்து, நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும் முறை அது. 1947இல் வெளிவந்த தம் நூலில் அதன் முன்னோடிகளைச் சுட்டும்போது, மகாலனோபிசின் வங்கச் சணல் ஆய்வுகளையும் அவர் குறிப்பிடுகிறார். தகவமைத் திட்டமிடலின் அறிவு வரலாற்றை எழுதுவோர் தவறவிடக்கூடாத இணைப்பு இது. 1947-48இல் ஷூஹார்ட்டே மகாலனோபிசின் அழைப்பின்பேரில் இந்தியா வந்து, தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு பற்றி எடுத்துரைத்தார். ஜப்பானில் வேரூன்றிய அளவுக்கு அது இங்கே வேரூன்றவில்லை. ஏன் என்பது தனிப் பதிவுக்கு உரியது.

மகாலனோபிசின் இன்னொரு உத்தியைச் சொல்லாமல் கடக்க முடியாது. ஒரே பகுதியில், ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்கள் தனித்தனியே மாதிரி எடுக்கும். பின்னர் இரு முடிவுகளும் ஒப்பிடப்படும். அவற்றுக்கிடையிலான வேறுபாடு, கணிதப் பிழையை மட்டுமன்றி மனிதப் பிழையையும் காட்டிக்கொடுக்கும். 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் முன்வைத்த பிளானிங் போக்கர் விளையாட்டில், குழுவினர் தத்தம் மதிப்பீட்டுச் சீட்டை மறைத்துவைத்திருந்து ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். முதலில் பேசியவரின் எண் மற்றவர்களை இழுத்துவிடக்கூடாது என்பதே காரணம். இரண்டிலும் உள்ள ஐயம் ஒன்றே: எண்ணைச் சொல்பவர் தனியாக நிற்பதில்லை, பிறர் சொன்னதும், மேலே இருப்பவர் விரும்புவதும் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன.

மகாலனோபிசை எதிர்த்து நின்றவர் பி.வி. சுகாத்மே. சிறிய வட்டங்களில் அறுத்தால் விளிம்பில் நிற்கும் பயிரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் கை வந்துவிடும். விளைச்சல் மிகையாகத் தெரியும் என்று 1940களில் அவர் காட்டினார். பெரிய பாத்திகளை எடுங்கள், அதற்குத் தனிப்படை வேண்டாம், இருக்கின்ற வருவாய், வேளாண்மை ஊழியர்களே போதும் என்பது அவர் நிலைப்பாடு. தனியே பயிற்றுவிக்கப்பட்ட, உள்ளூரோடு பிணைப்பில்லாத ஊழியர்களையே மகாலனோபிஸ் நம்பினார். பாத்தியின் அளவைப் பற்றிய தொழில்நுட்பத் தகராறாக இதை வாசிப்பதே வழக்கம். யார் அளக்க வேண்டும் என்ற தகராறாகவும் வாசிக்க வேண்டும் என்பேன். பயிர் மதிப்பீட்டில் சுகாத்மேயின் முறையே நாடு முழுதும் நிலைபெற்றது. மகாலனோபிசின் மரபு 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வில் தொடர்ந்தது. அந்த ஆய்வு 'சுற்று'களாக நடத்தப்பட்டது என்பதையும், ஒவ்வொரு சுற்றின் அனுபவமும் அடுத்த சுற்றின் வினாப்பட்டியலைத் திருத்த உதவியது என்பதையும் அஜைல் பயில்வோர் புன்னகையோடு வாசிக்கலாம்.

சணல் வயலில் ஆண்டுக்கு ஓரடி எடுத்துவைத்த அதே மகாலனோபிஸ், 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவை எழுதியபோது, கனரகத் தொழிலை மையமாகக் கொண்ட ஒரு முழு மாதிரியை முன்வைத்தார். 4800 கோடி ரூபாய் பொதுத்துறைச் செலவில் 1956இல் தொடங்கிய அத்திட்டம், இரண்டே ஆண்டுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியது. திட்டத்தின் 'கரு' எது என்று பிரித்தெடுக்க வேண்டிவந்தது. 1958இல் செலவினம் இரண்டு பகுதிகளாக்கப்பட்டது: கட்டாயம் செய்தே தீரவேண்டியவை 4500 கோடிக்கு, பணம் கிடைத்தால் செய்யவேண்டியவை 300 கோடிக்கு. முன்னுரிமைப் பட்டியல் போட்டுக் கீழே உள்ளதை உதிர்ப்பது இன்று அஜைலின் அன்றாடப் பழக்கம். அன்று அது தோல்வியின் ஒப்புதலாகவே பார்க்கப்பட்டது.

இதற்கு மாற்றாக எழுந்த உருள்திட்டம் என்ற கருத்துக்கு வயது குறைவன்று. குன்னர் மிர்டால் 1950களிலேயே இந்தியாவுக்கு அதைப் பரிந்துரைத்திருந்தார். ஐந்தாண்டு இலக்கை ஒருமுறை எழுதிப் பூட்டிவைக்காமல், ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் கழிந்த ஆண்டை நீக்கி, புதிதாக ஓராண்டைச் சேர்த்து, எண்களைத் திருத்திக்கொண்டே செல்வது அதன் வழி. ஜனதா அரசு 1978இல், டி.டி. லக்டவாலா திட்டக்குழுவின் துணைத்தலைவராக இருந்தபோது, அதை நடைமுறைப்படுத்தியது. 1980இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. அரசியல் காரணங்கள் இருக்கட்டும். அதன்மீது வைக்கப்பட்ட ஒரு விமரிசனம் நேர்மையானது: இலக்கு ஆண்டுதோறும் நகருமானால், தவறிய இலக்கு எது என்று எப்போது, யாரிடம் கேட்பது? தகவமைத்தல் என்ற பெயரில் தோல்வி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும். இக்கேள்விக்கு அஜைல் எழுத்துகளில் எனக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் எஞ்சியது அடுத்ததற்கு உருளும்போது, வரைபடம் ஒழுங்காகவே இறங்குகிறது. வாடிக்கையாளர் கேட்ட பொருள் மட்டும் வருவதில்லை.

ஆனால் எதிர்த்திசையிலுள்ள கேடு அதைவிடப் பெரிது. வெலாசிட்டி என்பது ஒரு குழு தன் திட்டத்தைத் தானே திருத்திக்கொள்வதற்கான உள்வீட்டு எண். அதை மேலாளர் எடுத்து, சென்ற காலாண்டில் 30, இந்தக் காலாண்டில் 40 வேண்டும் என்று இலக்காக்கி, ஊதிய உயர்வோடு இணைத்தால், அடுத்த மாதமே 40 வந்துவிடும். வேலை கூடியிருக்காது, நேற்று மூன்று புள்ளி பெற்ற வேலை இன்று ஐந்து பெற்றிருக்கும். இங்கே எவரும் வெளிப்படையாகப் பொய் சொல்வதில்லை. கேடாவின் வயலோரத்தில் நடந்தது குளிரூட்டிய அறையில் நடக்கிறது. ஸ்டோரி பாயிண்டைத் தாமே உருவாக்கியிருக்கலாம் என்று சொல்லும் ரான் ஜெஃப்ரீஸ், அதற்காக இப்போது வருந்துவதாகப் பின்னாளில் எழுதினார். வரப்போவதன் மதிப்பீடும் ஆளின் மதிப்பீடும் ஒரே ஏட்டில் எழுதப்படும்வரை, எந்த அலகைக் கொண்டுவந்தாலும் நிலை மாறாது என்பதே என் கருத்து.

அணா செல்லாக்காசாகி நெடுங்காலமாயிற்று. 1957இல் தசம நாணயம் வந்தபின் மகாராஷ்டிரத்தில் ஆணேவாரி பைசேவாரி ஆனது. 16க்குப் பதில் 100. நாலணாக் கோட்டுக்குப் பதில் 50 பைசாக் கோடு. அதற்குக் கீழே உள்ள கிராமங்கள் வறட்சி நிவாரணத்துக்கு உரியவையாகக் கருதப்பட்டன. மராத்தி நாளிதழ்களில் ஆண்டுதோறும் அந்தப் பட்டியல் வரும். ஐம்பதுக்கு ஓரிரு பைசா மேலே நின்றுவிட்ட ஊர்களின் முறையீடும் வரும்.

2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், கண்மதிப்பைக் கைவிட்டு, ஹப்பாக்கும் மகாலனோபிசும் சுகாத்மேயும் செப்பனிட்ட பயிர் அறுவடைச் சோதனையைக் கையிலெடுத்தது. ஊராட்சி அளவில் குலுக்கல் முறையில் தேர்ந்த பாத்தியில் அறுத்து, எடைபோட்டு, அந்த எடை வரம்புக்குக் கீழே இருந்தால் இழப்பீடு. அறுவடையின்போது காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் உடனிருக்கலாம். அலைபேசிச் செயலியில் இடக்குறிப்போடு படமும் ஏற்ற வேண்டும். எண்ணின்மேல் பணம் மீண்டும் ஏற்றப்பட்டதும், பாத்தி தேர்ந்த முறை பற்றியும் எடை பற்றியும் மாநில அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே தகராறுகள் எழுந்தன. 2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து பெறும் விளைச்சல் கணக்குக்குக் குறைந்தது 30 விழுக்காடு இடமளிக்கப்பட்டிருக்கிறது. அரிவாளும் தராசுமாக வயலில் நிற்கும் கிராம ஊழியரின் எண் ஒருபுறம், மேலிருந்து வரும் எண் மறுபுறம். ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்கள் என்று மகாலனோபிஸ் இதைக் கண்டு மகிழ்ந்திருக்கக்கூடும். இரண்டும் வேறுபடும்போது, அந்த வேறுபாட்டை ஆராயப்போவது யார் என்பதையும் அவர் கேட்டிருப்பார்.